வண்டிகளின் பிரேக்: பிடிப்பும் பராமரிப்பும்

1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து தொடங்கி வைக்கப்பெற்றது. மன்னர் சித்திரைத் திருநாள் ஏறி வந்த முதல் பேருந்தை, அத்துறையை அமைப்பதற்கென்றே லண்டனிலிருந்து அழைக்கப்பெற்ற சால்ட்டர் என்பவர் தாமே ஓட்டினார். வண்டியின் அடிச்சட்டம் காமர் நிறுவனத்தது. எஞ்சின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். இவற்றையெல்லாம் இன்றும் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்வோர் நம்மூரில் உண்டு. ஆனால் அவ்வண்டியை நிறுத்திய பிரேக்கைப் பற்றிச் சொல்வாரைக் காண்பது அரிது. இது வியப்பன்று. ஒரு வண்டி ஓடுவதைப் பலரும் பார்க்கிறார்கள். அது நின்றுவிட்டால் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத அன்றுதான் பேச்சு எழுகிறது. பேச்சு எழுவதற்கு முன்னே செய்ய வேண்டுவன சில உண்டு. அவற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

திருவனந்தபுரத்தில் வாழ்வோருக்குப் பிரேக் என்பது தனிப்பட்ட முறையில் இன்றியமையாதது. இந்நகரம் மேடும் பள்ளமுமாக அமைந்தது. தம்பானூர் பள்ளத்தில் இருக்கிறது. பாளையம் மேட்டில் இருக்கிறது. பி.எம்.ஜி. சந்திப்பிலிருந்து பிளாமூட்டுக்கு இறங்குகிறவர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேகம் பெறுகிறார். இத்துடன் மழையும் சேர்கிறது. ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடரும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டில் பல திங்கள் சாலையை ஈரமாகவே வைத்திருக்கின்றன. மேடு, ஈரம் ஆகிய இரண்டும் கூடிய ஊரில், மிதிவண்டிக்காரர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை அனைவருடைய உயிரும் கையகலத் தேய்பொருள் ஒன்றை நம்பியிருக்கிறது.

முதலில் பிரேக் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ‘பிரேக்’ என்னும் சொல் நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் அதனோடு நாம் சேர்க்கும் வினைச்சொல் நம்முடையது. பிரேக்கைப் ‘பிடி’ என்கிறோம்; ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்கிறோம். மலையாளத்திலும் இதே ‘பிடி’தான் வழங்குகிறது. இலக்கணம் கற்றவர் எவரும் கூடி ஆராய்ந்து இச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டி ஓட்டியவர்களே கண்டுகொண்டார்கள். சுழலும் ஒரு பொருளை அசையாப் பொருள் ஒன்று இறுகப் பிடிக்கிறது. பிடித்த இடத்தில் உராய்வு உண்டாகிறது. உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. வண்டியின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் முழுவதும் அவ்வெப்பமாக மாறிக் காற்றில் கலந்த பின்னரே வண்டி நிற்கிறது. ஆகவே பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் ஒரு கருவி. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், இனிச் சொல்லப்போவன அனைத்தும் தாமே விளங்கும்.

வேகம் இரு மடங்கானால் ஓட்டத்தின் ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள ஒரு வண்டி, உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பிரேக் பிடித்தால் சுமார் 6 மீட்டரில் நிற்கும் என்று கொள்வோம். அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிற்பதற்கு 23 மீட்டர் வேண்டும். கண் கண்டதைக் கால் உணர்ந்து மிதிப்பதற்கு ஒரு விநாடி ஆகுமானால், அந்த விநாடியில் முதல் வண்டி 8 மீட்டரும் இரண்டாவது வண்டி 17 மீட்டரும் ஓடிவிடும். கூட்டிப் பார்த்தால் ஒன்றுக்கு 14 மீட்டர். மற்றதற்கு 40 மீட்டர். சாலை நனைந்திருந்தாலோ, டயர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தாலோ இத்தொலைவு இன்னும் நீளும். இது வெறும் கணக்கு. ஆனால் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இக்கணக்கே விதியாகிறது.

இனி ஒவ்வொரு வண்டியாக எடுத்துக்கொள்வோம். எளியதான மிதிவண்டியிலிருந்து தொடங்குவதே முறை.

சென்னையில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், பின்னர் வடநாட்டில் எழுந்த தொழிற்சாலைகளும் நம் நாட்டில் பரப்பிய பெரிய மிதிவண்டிகளில் கம்பிப் பிரேக் இருந்தது. கைப்பிடியை இழுத்தால் இரும்புக் கம்பிகள் மேலெழுந்து, லாடம் போன்ற வளையத்தை இழுக்கும். அவ்வளையத்தின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்க் கட்டைகள் சக்கர ரிம்மின் உட்பக்கத்தைப் பற்றும். பிற்காலத்து வண்டிகளில் முறுக்குக் கம்பியால் இயங்கும் பிரேக் வந்தது. அதில் கட்டைகள் ரிம்மின் இரு பக்கங்களையும் நெருக்குகின்றன. இரண்டிலும் தேய்வது கட்டையே. ஆதலின் கட்டையைப் பார்ப்பதே முதல் வேலை. மேற்பரப்பிலுள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால், அல்லது ரப்பர் கண்ணாடி போல் இறுகிப் பளபளத்தால், மாற்ற வேண்டும்.

மாற்றுவது கடினமன்று. கட்டையைத் தாங்கும் மரையைத் தளர்த்திப் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகிக் கட்டை முழுவதும் ரிம்மின் மேலேயே படியுமாறு வைத்து இறுக்க வேண்டும். கட்டையின் ஒரு நுனி டயரைத் தொட்டால் டயர் கிழியும். கீழே வழுக்கிக் கம்பிக்காலில் சிக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். சில கட்டைகள் ஒரு பக்கம் திறந்த தகரக் கூட்டில் செருகப்பட்டிருக்கும். அத்தகைய கூட்டை மாட்டும்போது ஒரு விதியை மறக்கலாகாது. ரிம் எந்தத் திசையை நோக்கி ஓடுகிறதோ அந்தத் திசையில் கூட்டின் அடைத்த பக்கம் இருக்க வேண்டும். திறந்த பக்கம் அங்கே இருந்தால், பிரேக் பிடித்த கணத்திலேயே ரிம்மோடு சேர்ந்து ரப்பரும் வெளியே போய்விடும். பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பிரேக்கே இல்லாத நிலை அப்போது ஏற்படும்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கம்பிகள் திரும்பும் மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம்; கட்டையிலோ ரிம்மிலோ ஒரு துளியும் படலாகாது. பட்டுவிட்டால் ரிம்மைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, எண்ணெய் ஊறிய கட்டையை எறிந்துவிடுவதே நன்று. முடிவாக ஒரு சோதனை. வண்டியை விட்டு இறங்கி நின்று முன்பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் வண்டி சாலைக்குத் தகுதியுடையது. முலாம் பூசிய எஃகு ரிம்கள் மழையில் நனைந்தால் பிடிப்பை வெகுவாக இழந்துவிடுகின்றன. மழையில் மேட்டிலிருந்து இறங்குவோர், இறக்கம் தொடங்குமுன்னரே பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மிலுள்ள நீரை வழித்துவிட வேண்டும்.

அடுத்தது மோட்டார் சைக்கிள். இன்று பல வண்டிகளில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் உள்ளன. டிரம் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள பானை போன்ற பகுதி. பிரெஞ்சு நாட்டு லூயி ரெனோ 1902-இல் இதைச் செம்மைப்படுத்தினார். பானையின் உள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் எதிரெதிராக இருக்கும். கால்மிதியை அழுத்தும்போது அவற்றின் இடையே உள்ள கேம் என்னும் உருளை திரும்பி, இரண்டையும் விரித்து, பானையின் உட்சுவரோடு அழுத்துகிறது. மிதியை விட்டால் இரண்டு ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கின்றன.

பின்சக்கர டிரம்மைத் திறந்து துப்புரவு செய்ய விரும்புவோர், வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பிரேக் கம்பியின் முனையிலுள்ள சரிசெய்யும் மரையைக் கழற்றிக் கம்பியை விடுவிக்க வேண்டும். பின்னர்ப் பிரேக் தட்டை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையின் மரையைக் கழற்ற வேண்டும். அதன் பிறகு அச்சாணி மரையை நீக்கி, அச்சை உருவினால் சக்கரம் கையோடு வரும். எது எதற்குப் பின் கழன்றதோ அந்த வரிசையிலேயே அவற்றைத் தரையில் விரித்த துணியின் மேல் வைத்தல் நன்று. திரும்ப மாட்டும்போது அத்துணியே நூலாக உதவும்.

தட்டைத் தூக்கினால் ஷூக்கள் தெரியும். இரண்டையும் சேர்த்து மேல்நோக்கி மடக்கினாற்போல் தூக்கினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் தளர்ந்து வெளிவரும். லைனிங்கின் தடிப்பை அளந்து பாருங்கள். பொதுவாக 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். தத்தம் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். கேமிலும், ஷூ திரும்பும் முளையிலும் கடுகளவு கிரீஸ் தடவலாம்; மிகுதியானால் வெப்பத்தில் உருகி லைனிங்கில் பரவும். எல்லாவற்றையும் மாட்டிய பின்னர், முன்னே சொன்ன இரும்புப் பட்டையை மறவாமல் இறுக்கி, அதன் பூட்டு ஊசியையும் இட வேண்டும். சிறியதாகத் தோன்றும் அப்பட்டையே, பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் தடுக்கிறது. அது இல்லாமல் வண்டியை எடுத்தால், முதல் முறை பிரேக் மிதித்ததும் தட்டு சுழன்று, கம்பியை வளைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

மழை நாளில் தம்பானூர்ச் சாலையில் தேங்கிய நீரைக் கடந்து வந்தவுடன் டிரம் பிரேக் பிடிக்காமல் போவதைப் பலர் கண்டிருப்பர். உள்ளே புகுந்த நீர் உராய்வைக் குறைத்துவிட்டது என்பதே காரணம். அப்போது அஞ்சாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக மிதித்திருந்தால், பிறக்கும் வெப்பமே நீரை உலர்த்திவிடும்.

மோட்டார் வண்டிகளைப் பற்றி ஒரு சட்டச் செய்தியும் உண்டு. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், சிறியவற்றுக்கு முன்பின் பிரேக்குகளை ஒருங்கே இயக்கும் அமைப்பும் கட்டாயமாயின. இது நல்ல ஏற்பாடு. எனினும் தேய்ந்த பேடை எந்தக் கருவியும் புதியதாக்காது. பிடிப்பே இல்லாத இடத்தில், பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி என்ன செய்ய இயலும்?

இனி மோட்டார் கார். இதில் முன்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கே உள்ளது. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை, காலிப்பர் என்னும் கிடுக்கி, இரு பக்கத்திலிருந்தும் பேடுகளால் நெருக்குகிறது. 1902-இலேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் இதற்கு உரிமை பெற்றார் எனினும், 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதை மதிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் சென்னைக்கு அருகே பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் எழுந்தது. அது முதல் பிரேக் உறுப்புகள் பலவும் தமிழ் மண்ணிலேயே உருவாகி நாடெங்கும் செல்கின்றன.

பேடு மாற்றுகிறவர் கவனிக்க வேண்டியவை சில. ஜாக்கியால் தூக்குமுன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல்லாலோ கட்டையாலோ முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கர மரைகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையோ தலையோ நீட்டலாகாது. வலிய தாங்கி ஒன்றை வைத்தல் வேண்டும். காலிப்பரைக் கழற்றியபின் அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடலாகாது; கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். ஒரு சக்கரத்தை முடித்த பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும். ஐயம் வந்தால் திறக்காத சக்கரமே விடை சொல்லும். ஒரு பக்கத்துக்கு மட்டும் புதிய பேடு போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆதலின் இரு பக்கமும் ஒருங்கே மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின், வண்டியை அசைக்கு முன்னரே, பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி அது கெட்டியாவதை உறுதி செய்ய வேண்டும். பேடு மாற்றும்போது உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வெளிவந்து தட்டைத் தொடும் வரை மிதி தரை வரை போகும். பட்டறை வாயிலிலேயே எதிர்ச்சுவரில் மோதிய கார்கள், பெரும்பாலும் இந்த ஒரு நிமிட வேலையை மறந்த கார்களே.

இப்போது இப்பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். காரில் கால் மிதிப்பதைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது கம்பியன்று. குழாயில் நிரம்பிய திரவம். அடைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மை. திரவம் அமுங்காது, ஆகவே காலின் ஆணை குறையாமல் சக்கரத்தைச் சேர்கிறது. இத்திரவத்தை நம் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்கிறார்கள். இங்கேதான் ஆபத்து. ‘பிடி’ என்ற சொல்லைச் சரியாகக் கண்ட மக்கள், ‘ஆயில்’ என்ற சொல்லில் ஏமாந்துவிட்டார்கள்.

வழக்கமாகக் கார்களில் ஊற்றப்படும் இத்திரவம் எண்ணெய் அன்று. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. எண்ணெய் என்ற பெயரைக் கேட்டவர், அளவு குறைந்திருப்பதைக் கண்டதும் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுகிறார். அவ்வாறு ஊற்றினால் குழாய்களின் முனையிலுள்ள ரப்பர் வளையங்கள் எண்ணெயில் ஊறிப் பருத்து, மென்மையாகி, இடத்தில் அடைத்துக்கொள்ளும். பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். அல்லது கசிந்து அறவே பிடிக்காமல் போகலாம். ஒரு தவறான பெயர், ஒரு குடும்பத்தையே பள்ளத்தில் தள்ளக்கூடும்.

இன்னொரு தன்மையும் உண்டு. எண்ணெய் நீரோடு கலக்காது. இத்திரவமோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற வகைத் திரவம் புதியதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கலாகாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 140 டிகிரியாக இறங்குகிறது. டாட் 4 வகைக்கு அவ்வெல்லைகள் 230-உம் 155-உம் ஆகும். கடற்காற்று வீசும் ஊரில், ஆண்டில் பல திங்கள் மழை பெய்யும் ஊரில், திறந்து வைத்த டப்பாவிலுள்ள திரவத்தின் கதி என்ன என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நீர் கலந்தால் என்ன என்று கேட்கலாம். பொன்முடியை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1100 மீட்டர் உயரத்திலுள்ள அம்மலைக்குக் கல்லாற்றிலிருந்து ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் ஆயிரம் மீட்டர் இறங்குவதாகக் கொண்டால், அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், முப்பது லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வெப்பம் முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே சுமத்தினால், பேடு சுடும், காலிப்பர் சுடும், திரவமும் சுடும். நீர் கலந்த பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதி வெறுமனே கீழே போகும், வண்டி நில்லாது.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நேரம் ஆறிய பிறகு ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பிரேக் பிடிக்கும். வண்டியை மறுநாள் பட்டறையில் பார்த்தால் குற்றம் எதுவும் புலப்படாது. ‘பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டியவர்தான் பிழை செய்திருப்பார்’ என்ற முடிவுக்கு வருவது அப்போது எளிதாகிவிடுகிறது. திரவத்தின் வயதை எவரும் கேட்பதில்லை.

இதற்கு மாற்று இரண்டு. மலையிலிருந்து இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே பெரும்பாலான தடையைத் தருகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருட்டி வருவதும், எஞ்சினை அணைத்துவிடுவதும் கேடானவை. எஞ்சின் அணைந்தால் காலுக்குத் துணை செய்யும் வெற்றிட அமைப்பும் இரண்டொரு மிதிப்பில் ஓய்ந்துவிடும். மற்றொன்று, கையேட்டில் குறித்த காலத்தில், பொதுவாக இரண்டாண்டுக்கு ஒரு முறை, திரவம் முழுவதையும் மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது குழாயில் புகுந்த காற்றையும் எடுக்க வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள சிறு திருகைத் திறந்து, கண்ணாடி போன்ற குழாய் வழியாகப் பழைய திரவத்தை ஒரு புட்டியில் வடிய விட்டு, திருகை மூடிய பின்னரே ‘விடலாம்’ என்று குரல் கொடுக்க வேண்டும். முன்னதாக மிதியை விட்டால் காற்று மீண்டும் உள்ளே போகும். பல வண்டிகளில் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. வடிந்த பழைய திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. வண்டியின் வண்ணப்பூச்சின் மேல் அது சிந்தினால் பூச்சை அரித்துவிடும். உடனே நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஓட்டுநரையும் பயணியையும் பற்றியே பேசினோம். பிரேக்கைத் திறந்து வேலை செய்கிறவரையும் நினைக்க வேண்டாமா? பழைய லைனிங்குகளில் வெப்பத்தைத் தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் சேர்க்கப்பட்டு வந்தது. இப்போது கல்நார் இல்லாதவையே பெரிதும் கிடைக்கின்றன எனினும், பழைய வண்டியில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. டிரம்மில் படிந்த கரிய தூளைக் காற்றுக் குழாயால் ஊதி எறிவது பல பட்டறைகளின் வழக்கம். அத்தூளிலுள்ள கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாகவும் மூச்சிழப்பாகவும் வெளிப்படக்கூடும். பதினெட்டு வயதில் ஊதியவர் ஐம்பது வயதில் நோயுறும்போது, காரணம் இதுவென்று அவருக்கே தெரிய வராது. தூளை ஊதலாகாது, உலர்ந்த தூரிகையால் தட்டலாகாது. நனைத்த துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்ற வேண்டும். நீருக்குச் செலவு இல்லை. ஒரு துணியும் ஒரு வாளி நீரும் ஒருவருடைய ஆயுளைக் காக்கும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் திரவக் கலத்தின் மூடியைப் பாருங்கள். மூடியைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், முத்திரை உடையாத டப்பாவிலிருந்து இன்ன வகைத் திரவத்தை மட்டுமே ஊற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். நான் மேலே அரை நாழிகை விரித்துரைத்ததெல்லாம் அந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் அவ்வரிகள் ஆங்கிலத்தில் உள்ளன. மூடியைத் திறக்கும் கையோ, பெரும்பாலும் தமிழிலோ மலையாளத்திலோ படித்த கை. அல்லது படிப்பை விட்டுப் பட்டறைக்கு வந்த கை. எச்சரிக்கை எழுதியவரும் தம் கடமையைச் செய்தார். திறந்தவரும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். இடையே ஒரு மொழி நின்றது.

இதனை நீக்குவதற்குப் பெரிய கலைச்சொல் அகராதி வேண்டியதில்லை. காலிப்பருக்கும் பிஸ்டனுக்கும் எவரும் கேட்டறியாத பெயர்களைப் படைத்துக் கொடுத்தால், பட்டறையிலுள்ளவர் அதைப் படிக்கவும் மாட்டார். அவர் வழங்கும் சொற்களையே வைத்துக்கொண்டு, வாக்கியத்தை மட்டும் அவர் மொழியில் எழுதினால் போதும். ‘ஆயில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் ‘பிரேக் திரவம்’ என்று எழுதுவோம். ‘எண்ணெய் ஊற்றாதீர்கள்’ என்று பக்கத்திலேயே பொறிப்போம். சாக்கையிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் பயில்வோரும், பாப்பனங்கோட்டிலுள்ள அரசுப் போக்குவரத்துப் பணிமனை போன்ற இடங்களில் உழைப்போரும் தம் கையால் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஓரிரு வரிகளே இவை.

வண்டி வைத்திருப்போர் அனைவரும் வாரந்தோறும் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். மிதிவண்டிக்காரர் கட்டையைப் பார்த்து, தள்ளிப் பார்த்துச் சோதிக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கால்மிதியின் ஆட்டத்தையும், தேய்வைக் காட்டும் குறியையும் நோக்கட்டும். கார் ஓட்டுவோர் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை பிரேக்கை அழுத்தி மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்கட்டும். மெத்தையில் மிதித்தாற்போல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. கால் வைத்திருக்க வைத்திருக்க மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிகிறது. திரவத்தின் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு நில்லாமல், ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பேடு தேய்ந்திருக்கலாம், கசிவும் இருக்கலாம். ஐயம் எழுந்த வண்டியை அன்று எடுக்காதிருப்பதே அறிவுடைமை. பயணத்துக்கு நாளையும் ஒரு நாள் உண்டு.